நோயாளியின் பாஷை

சிதம்பரத்தை நாடி வரும் ஜனங்களில் ஒரு சாரார் பொன்னம்பலத்தைத் தரிசிக்க வருகிறவர்கள். மற்றொரு சாரார், ரயிலடிக்குக் கிழக்கே அண்ணாமலைநகரிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள். கிள்ளை, பரங்கிப்பேட்டை, புவனகிரி, காட்டுமன்னார்கோயில் முதலிய ஊர்களிலிருந்தும், கொள்ளிடக் கரைக் கிராமங்களிலிருந்தும் விடியற்காலையில் பஸ்ஸேறி வந்து, ஓ.பி. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஏழை ஜனங்கள் அவர்கள். அம்பலத்தில் நிற்பவருக்குப் பாஷைத் தொல்லை இல்லை. எந்தப் பாஷையில் முறையிட்டாலும் ஆண்டவன் அறிவான், முறையிடாவிட்டாலும் அறிவான். ஆஸ்பத்திரியில் நிற்பவரின் நிலைமை அவ்வாறன்று. தம் உடம்புக்கு நேர்ந்ததை அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எதிரே நிற்பவர் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். இவ்விரண்டில் ஒன்று தவறினாலும் சிகிச்சை தவறும்.

எதிரே முதலில் வந்து நிற்பவர் யார்? பெரும்பாலும் பெரிய டாக்டர் அல்லர். எம்.பி.பி.எஸ். பரீட்சையில் தேறி, ஓராண்டுக் கட்டாயப் பயிற்சியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜனோ, மேற்படிப்பு மாணவரோ, பயிற்சியிலிருக்கும் நர்ஸோ தான் முதலில் வருகிறார். அவர் கேரளத்திலோ, ஆந்திர நாட்டிலோ, பீஹாரிலோ, ராஜஸ்தானத்திலோ பிறந்து வளர்ந்தவராக இருக்கக்கூடும். அவருடைய புத்திக்கோ, உழைப்புக்கோ, நல்ல உள்ளத்துக்கோ குறைவில்லை. ஆனால் தமிழ் தெரியாது. தமிழ் மட்டுமே தெரிந்த நோயாளிக்கும், தமிழைத் தவிர மற்றெல்லாம் தெரிந்த வைத்தியருக்கும் நடுவே உயிர் ஒன்று ஊசலாடுகிறது. இந்த நிலைமைக்குப் பரிகாரம் தேட வேண்டியவர்கள் யார் என்பதே நம் முன் உள்ள கேள்வி.

அண்ணாமலை சர்வகலாசாலை 1929-ம் வருஷத்தில் ராஜா ஸர் அண்ணாமலைச் செட்டியாரால் ஸ்தாபிக்கப்பட்டது. தமிழுக்கும் தமிழிசைக்கும் அது ஆற்றியுள்ள தொண்டு யாவரும் அறிந்ததே. அதே வளாகத்தில் 1985-ல் ராஜா முத்தையா வைத்தியக் கல்லூரி தோன்றியது. 2013-ல் நிறைவேறிய சட்டத்தின்படி சர்வகலாசாலையின் நிர்வாகத்தைத் தமிழக சர்க்கார் ஏற்றனர். 2021-ல் வைத்தியக் கல்லூரி சுகாதார இலாகாவின் கீழ் வந்தது. இன்று அது கடலூர் ஜில்லாவின் சர்க்கார் வைத்தியக் கல்லூரியாக விளங்குகிறது. சர்க்கார் வைத்தியக் கல்லூரிகளின் எம்.பி.பி.எஸ். இடங்களில் நூற்றுக்கு 15-ம், மேற்படிப்பு இடங்களில் நூற்றுக்கு 50-ம் அகில இந்தியப் பங்காக ஒதுக்கப்படுகின்றன. ஆகவே பிற மாகாணத்து வாலிபர்களும் யுவதிகளும் நம் ஆஸ்பத்திரிகளுக்கு வருவது தற்செயலாக நேர்வதன்று. தேசம் தெரிந்தே செய்துகொண்ட ஏற்பாடு. ஏற்பாட்டைச் செய்தவர்கள் அதற்கு வேண்டிய துணையையும் செய்தார்களா?

"பாஷை தெரியாவிட்டால் என்ன? காய்ச்சல், வாந்தி, வயிற்றுவலி என்று பத்துச் சொற்களைக் கற்றுக்கொண்டால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். போதாது. நம் ஜனங்கள் நோயைப் பற்றிப் பேசும் பாஷை அகராதியில் அடங்குவதன்று.

உதாரணம் ஒன்று பார்ப்போம். வயற்காட்டுக் குடிசையிலிருந்து ஒருவனை இரவோடிரவாகத் தூக்கி வருகிறார்கள். "மருந்து குடிச்சிட்டான் ஐயா!" என்று அலறுகிறாள் தாய். மருந்து என்றால் ஔஷதம் என்று புத்தகத்தில் படித்திருக்கும் பிற பாஷைக்காரருக்கு அந்த வாக்கியத்தில் அபாயம் ஒன்றும் தோன்றாது. தமிழ்க் கிராமத்தில் பிறந்த சிறு குழந்தைக்குக்கூட அதன் பொருள் தெரியும்: பூச்சிமருந்தை, அதாவது விஷத்தை, அவன் குடித்துவிட்டான். அந்தத் தாய் பெயரிட்டுச் சொல்லக் கூசும் சொல்லை வைத்தியர் தாமே அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மற்றோர் உதாரணம். தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த பெண்ணொருத்தியை, "ராத்திரி பூச்சி கடிச்சிடுச்சுங்க" என்று சொல்லி அழைத்து வருகிறார்கள். பாம்பின் பெயரை வாய்விட்டுச் சொல்ல அஞ்சிப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் நம் கிராமங்களில் உண்டு. கடித்தது கட்டுவிரியனாக இருந்தால் வலியும் வீக்கமும் அதிகம் இரா. பல் பதிந்த தடங்கூடச் சில சமயம் தெரியாது. சில மணி நேரத்தில் இமை சோரும். பிறகு மூச்சுத் தடுமாறும். எறும்போ, பூரானோ கடித்ததாக எண்ணி அரிப்புக்கு ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டால் கதை என்ன ஆகும்? பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் தமிழக சர்க்கார் அறிவித்தனர். மிகவும் நல்ல காரியம். ஆனால் தெரிவிக்க வேண்டியவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா?

இவ்விதமான சொற்கள் ஒன்றிரண்டல்ல. "முழுகாமல் இருக்கிறாள்" என்றால் கர்ப்பமாயிருக்கிறாள் என்று பொருள். அதை அறியாதவர் அவளைக் குளிக்காதவள் என்று எண்ணி, கர்ப்பிணிக்குக் கொடுக்கக்கூடாத மருந்தை எழுதிவிடக்கூடும். "இழுப்பு" என்பது ஒருவர் வாயில் மூச்சிரைப்பு. மற்றொருவர் வாயில் கைகால் வலிப்பு. "உப்பு ஏறியிருக்கிறது" என்றால் உணவைப் பற்றிய பேச்சல்ல. சிறுநீரகம் பழுதுபட்டிருக்கிறது என்பதாகும். "வீட்டில் அம்மா வந்திருக்கிறாள்" என்று கைகூப்பிச் சொன்னால், ஊரிலிருந்து தாயார் வந்திருக்கிறார் என்று மகிழ்வதற்கில்லை. அம்மை கண்டிருக்கிறது, அது பிறருக்கும் தொற்றும் என்று அறிய வேண்டும். குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், இசிவு, மரமரப்பு என்று நோவுக்கு நம் பாஷையில் எத்தனை பெயர்! அவை அலங்காரத்துக்காக ஏற்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வியாதியின் அடையாளம்.

சொல்லொன்று பிசகினால் என்ன நேரும் என்பதற்கு உலகமறிந்த சாட்சியம் இருக்கிறது. 1980-ல் அமெரிக்காவில் ஃப்ளாரிடா மாகாணத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு 18 வயது வாலிபன் ஒருவனை நினைவிழந்த நிலையில் கொண்டுவந்தார்கள். கியூபாவிலிருந்து குடியேறிய அவன் குடும்பத்தார் ஸ்பானிஷ் பாஷையில் 'இன்டாக்ஸிகாடோ' என்ற சொல்லைச் சொன்னார்கள். உண்டதோ குடித்ததோ ஒவ்வாமல் உடம்பு கெட்டது என்பது அவர்கள் கருதிய பொருள். ஆங்கிலத்தில் அதையொத்து ஒலிக்கும் சொல்லுக்கு போதையேறியவன் என்று பொருள். போதை மருந்தை அளவு மீறி உட்கொண்டவன் என்று எண்ணி அதற்கே சிகிச்சை செய்தார்கள். உண்மையில் அவனுக்கு மூளையில் ரத்தக் கசிவு. அது தெரிவதற்குள் கைகால்கள் நான்கும் செயலிழந்துவிட்டன. அவன் வாழ்நாளைக் கணக்கிட்டு மதிப்பிடப்பட்ட நஷ்டஈடு ஏறக்குறைய 7 கோடி டாலர். நம் நாட்டு ஏழைக் குடியானவனுக்கு அப்படி ஒரு பிசகு நேர்ந்தால், அது பிசகு என்பதே வெளிவராமற் போகலாம். விதி என்று சொல்லி அழுதுவிட்டுப் போவார்கள்.

இனி, பயிற்சிக்கு வந்தவரின் நிலைமையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தாய் தந்தையரை விட்டு ஆயிரம் மைல் தாண்டி வந்திருக்கிறார். இரவு முழுதும் டியூட்டி. வார்டில் நாற்பது ஜோடிக் கண்கள் அவரையே பார்க்கின்றன. அவர் ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்தால் சிரிப்பவர் உண்டு. புரியவில்லை என்று இரண்டு தடவை கேட்டால் முகஞ்சுளிப்பவர் உண்டு. மூன்றாவது தடவை கேட்க வெட்கப்பட்டுத் தலையசைத்துவிடுகிறார். புரியாமல் தலையசைக்கும் அந்த ஒரு க்ஷணந்தான் ஆஸ்பத்திரியில் மிகவும் அபாயமான க்ஷணம். வெட்கத்தைப் போக்குவதும் வைத்திய சேவையே என்று நாம் சொல்வோம்.

அந்த வெட்கத்திலிருந்து தப்ப அவர் ஒரு துபாஷியைத் தேடுகிறார். துபாஷிகளின் பெருமையும் சிறுமையும் கடலூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. 1690-ல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் விலைக்கு வாங்கிய நாளிலிருந்து, வெள்ளைக்காரனுக்கும் நெசவாளிக்கும் நடுவே துபாஷி நின்றான். நடுவே நின்றவன் கையில் அதிகாரமும் நின்றது. இன்று ஆஸ்பத்திரியில் துபாஷியாக நிற்பவர் வார்டு ஆயாவாக இருக்கலாம். பக்கத்துக் கட்டில்காரராக இருக்கலாம். சில சமயம் நோயாளியின் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம். தாயின் கர்ப்பப்பை வியாதியைப் பற்றிப் பன்னிரண்டு வயது மகன் மூலமாகக் கேட்பது முறையா? அவள் உள்ளதைச் சொல்லுவாளா? மாமியார் துபாஷியாக நிற்கையில், அடிபட்ட மருமகள் அடித்தவர் இன்னார் என்று சொல்லுவாளா?

கைத் தொலைபேசியே மொழிபெயர்த்துவிடும் இக்காலத்தில் இக்கவலை எதற்கு என்பார் சிலர். அவசரத்துக்கு அது உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால் அதுவும் அச்சிட்ட தமிழுக்குப் பழகிய அளவுக்கு அழுகையோடு கலந்து வரும் பேச்சுத் தமிழுக்குப் பழகவில்லை. "மருந்து குடித்துவிட்டான்" என்பதைச் சொல்லுக்குச் சொல் சரியாகவே அது பெயர்த்துக் கொடுக்கலாம். சரியாகப் பெயர்த்ததனாலேயே விபரீதம் விளையும்!

வேறு சிலர், "தமிழ் தெரியாதவர் தமிழ் நாட்டுக்கு ஏன் வர வேண்டும்?" என்று கேட்பார்கள். தமிழின்மேலுள்ள பற்றினால் எழும் கேள்விதான் அது. எனினும் நியாயமான கேள்வியன்று. தமிழர் இன்று திசையெங்கும் போய்ப் பிழைக்கிறார்கள். நம் வீட்டுப் பெண்கள் நர்ஸ் வேலைக்காக ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் போக அந்நாட்டுப் பாஷைகளை வருந்திக் கற்கிறார்கள். அவர்களிடம் அந்நாட்டார் பொறுமை காட்ட வேண்டும் என்று விரும்பும் நாம், நம்மிடம் வருகிறவர்களிடம் பொறுமை காட்ட வேண்டாமா?

ஜப்பானின் அனுபவம் இவ்விஷயத்தில் நமக்குப் பாடமாகும். அந்நாட்டில் முதியோர் பெருகி, பணிவிடை செய்வோர் குறைந்தமையால், 2008-ல் இந்தோனேசியாவிலிருந்தும், 2009-ல் பிலிப்பைன்ஸிலிருந்தும், 2014-ல் வியட்நாமிலிருந்தும் நர்ஸ்களையும் முதியோர் பராமரிப்பாளரையும் உடன்படிக்கை செய்து தருவித்தார்கள். வந்த நர்ஸ்கள் தங்கள் நாட்டில் தேர்ச்சி பெற்றவர்களே. ஆயினும் ஜப்பானிய பாஷையிலேயே பரீட்சை எழுத வேண்டும் என்று விதித்தார்கள். 2009-ல் நர்ஸ் பரீட்சை எழுதிய 82 பேரில் ஒருவரும் தேறவில்லை. 2010-ல் எழுதிய 254 பேரில் தேறியவர் மூவரே. திறமையற்றவர்கள் என்று சொல்லி அவர்களைத் திருப்பியனுப்பிவிட்டு ஜப்பானியர் வாளாவிருக்கவில்லை. குறை தங்கள் ஏற்பாட்டிலும் இருக்கிறது என்று உணர்ந்தார்கள். கடினமான சித்திர எழுத்துக்களுக்கு மேல் அவற்றை உச்சரிக்கும் முறையை அச்சிட்டார்கள். வியாதிகளின் பெயர்களை ஆங்கிலத்திலும் கொடுத்தார்கள். எழுதுவதற்கு நேரத்தை நீட்டினார்கள். பாஷை தெரிய வேண்டும் என்ற விதியைக் கைவிடவில்லை. அதை எட்டுவதற்கு ஏணி வைத்தார்கள். விதியை வற்புறுத்துகிறவர் ஏணியையும் கொடுக்க வேண்டும், அதுவே நியாயம்.

நம்மவர் கதையிலும் இதற்கு உயர்ந்த முன்மாதிரி உண்டு. 1894-ல் தென்னாப்பிரிக்காவில் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலி, எஜமானன் அடித்துப் பற்கள் உடைந்து ரத்தம் வழிய, காந்தியடிகளிடம் வந்து நின்றான். காந்தியடிகளுக்குத் தமிழ் தெரியாது. தம்மிடம் குமாஸ்தாவாக இருந்த தமிழர் ஒருவர் மூலமாகவே அவன் துயரத்தை அறிந்துகொண்டார். பின்பு டர்பன் நகரில் டாக்டர் பூத் நடத்திய தரும ஆஸ்பத்திரியில் தினந்தோறும் சிறிது நேரம் ஊதியமின்றி ஊழியம் செய்தார். நோயாளிகளை விசாரிப்பதும், அதை டாக்டரிடம் எடுத்துரைப்பதும், மருந்து கலந்து கொடுப்பதும் அவர் வேலை. அங்கு வந்தவர்களில் தமிழ், தெலுங்குக் கூலிகள் மிகப் பலர். கப்பற் பிரயாணத்திலும் சிறைவாசத்திலும் அவர் விடாமல் தமிழ் கற்க முயன்றது வித்வானாக விளங்குவதற்காக அல்ல. துன்பப்படுகிறவனுடன் நேருக்கு நேராகப் பேச வேண்டும் என்ற ஆசையினாலேயே. பிற பாஷைக்காரரான பயிற்சி வைத்தியரை நாம் ஏளனம் செய்யும்போதெல்லாம், மகாத்மாவும் ஒரு காலத்தில் தமிழ் தெரியாமல் தமிழ் நோயாளியின் முன் நின்றவர் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

யாழ்ப்பாணத்திலே 1847-ல் வந்திறங்கிய அமெரிக்க வைத்தியர் ஸாமுவேல் ஃபிஸ்க் கிறீன் இன்னும் ஒரு படி மேலே சென்றார். தாம் தமிழ் கற்றார். பின்பு மானிப்பாயில் தம் மாணாக்கருக்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே போதித்தார். 'இரண வைத்தியம்', 'மனுஷ சுகரணம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்களைத் தமிழில் வெளிப்படுத்தினார். 1873-ல் அவர் தாய்நாடு திரும்பியபோது, தமிழில் வைத்தியம் கற்ற ஒரு பரம்பரையை விட்டுச் சென்றார். கடல் கடந்து வந்த ஒருவரால் தமிழில் இவ்வளவு செய்ய முடிந்தது என்றால், ரயிலேறி வந்த நம் தேசத்து மாணவரால் தமிழில் நோய் விசாரிக்க முடியாது என்று யார் சொல்வார்? கற்பதற்கு அவகாசமும், கற்பிக்க ஆளும் வேண்டும், அவ்வளவே.

2019-ல் அமலுக்கு வந்த அகில இந்திய வைத்தியப் பாடத்திட்டம், எம்.பி.பி.எஸ். மாணவரின் தொடக்கப் பயிற்சியில் பாஷைப் பயிற்சியையும் சேர்த்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால் முதல் வருஷத்தில் வகுப்பறையில் கற்ற தமிழ் ஒன்று. பல வருஷங்களுக்குப் பின் நள்ளிரவில் பிரசவ வார்டில் வேண்டியிருக்கும் தமிழ் வேறொன்று. அன்றியும் அத்தொடக்கப் பயிற்சி எம்.பி.பி.எஸ். மாணவருக்கே உரியது. மேற்படிப்புக்கு வருகிறவர் நேரே வார்டுக்குள் நுழைகிறார். ஆகவே கீழ்க்கண்ட காரியங்களைச் செய்வது அவசியம் என்று கருதுகிறோம்.

முதலாவது, தமிழ் கற்பது மாணவரின் ஓய்வு நேரத்துச் சொந்தக் காரியமாக இருக்கலாகாது. டியூட்டி நேரத்திலேயே வாரந்தோறும் சில மணி நேரம் அதற்கென்று ஒதுக்க வேண்டும். களைத்துப் போனவனைப் பாஷை கற்கச் சொல்வது, பசித்தவனைப் பாடச் சொல்வது போலாகும்.

இரண்டாவது, கற்பிக்கத் தகுந்தவர்கள் வார்டிலேயே இருக்கிறார்கள். இருபது, முப்பது வருஷம் ஊழியம் செய்த நர்ஸ்மாருக்கும் ஆயாக்களுக்கும் தெரிந்த நோயாளித் தமிழ் பண்டிதர்களுக்கும் தெரியாது. அவர்களை ஆசிரியர்களாக மதித்து, அதற்குரிய ஊதியமும் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, இந்த ஜில்லாவின் ஜனங்கள் நோயைப் பற்றிப் பேசும் சொற்களையெல்லாம் திரட்டிச் சிறு கைப்புத்தகமாக வெளியிட வேண்டும். மீனவர் பேச்சு, உழவர் பேச்சு, பிச்சாவரத்து இருளர் பேச்சு எல்லாம் அதில் இடம்பெற வேண்டும். இதற்கு வெளியூர் நிபுணர் வேண்டியதில்லை. அண்ணாமலைநகரிலேயே தமிழ்த்துறை இருக்கிறது. மொழியியல் உயராய்வு மையமும் இருக்கிறது. ஒரே நகரில் பாஷை அறிந்தவர்கள் ஒரு கட்டடத்திலும், பாஷை வேண்டியவர்கள் மற்றொரு கட்டடத்திலும் இருந்துகொண்டு ஒருவரையொருவர் பாராதிருப்பது விந்தையே.

நான்காவது, "நீங்கள் சொன்னதை நான் இவ்வாறு புரிந்துகொண்டேன்; சரியா?" என்று திருப்பிச் சொல்லிக் கேட்கும் வழக்கத்தைப் பயிற்சியின் முதல் நாளிலேயே உண்டாக்க வேண்டும். இதற்குப் பணச் செலவு இல்லை. புரியவில்லை என்று சொல்வது குற்றமல்ல, புரியாமல் தலையசைப்பதே குற்றம் என்பதைப் பெரிய டாக்டர்களும் தங்கள் நடத்தையால் காட்ட வேண்டும்.

ஐந்தாவது, இரவும் பகலும் அழைத்தால் வரக்கூடிய துபாஷி ஒருவரை ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் முறைப்படி நியமிக்க வேண்டும். இது தமிழருக்கு மட்டும் பயன்படுவதன்று. கடலூர் சிப்காட் தொழிற்சாலைகளிலும், நெய்வேலியிலும், கட்டட வேலைகளிலும் ஹிந்தியும் வங்காளியும் ஒரியாவும் பேசும் தொழிலாளர் உழைக்கிறார்கள். அவர்கள் அடிபட்டு வரும்போது ஊமையாகி நிற்பவர் நம் தமிழ் டாக்டர். அப்போது பீஹாரிலிருந்து வந்த பயிற்சி மாணவரே ஆஸ்பத்திரியின் பெருஞ்செல்வம் ஆகிறார். இன்று நாம் யாருக்குப் பாஷை கற்றுக்கொடுக்கிறோமோ, அவரே நாளை நமக்குப் பாஷை கொடுப்பார்.

வைத்தியத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் சமூக ஊழியத்துக்கும் பொருந்தும். 2004 டிசம்பர் 26-ல் கடல் பொங்கிக் கடலூர் ஜில்லாவின் கரையோரத்தில் அறுநூறுக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. உலகெங்குமிருந்து தொண்டர்கள் ஓடிவந்தார்கள். அரிசியும் துணியும் மருந்தும் கொடுக்கப் பாஷை வேண்டியிருக்கவில்லை. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாயின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொல்வதைக் கேட்க மட்டும் பாஷை வேண்டியிருந்தது. ஆறுதலைத் துபாஷி மூலம் சொல்லியனுப்ப முடியாது.

நம் ஜனங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரியில் உங்கள் எதிரே தமிழைத் தட்டுத் தடுமாறிப் பேசும் பெண் நிற்பாளாகில், அவளைப் பார்த்துச் சிரியாதீர்கள். மெதுவாகப் பேசுங்கள், நோகும் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள், பாம்பைப் பாம்பென்றே சொல்லுங்கள், விஷத்தை விஷமென்றே சொல்லுங்கள். அவள் தப்பாகச் சொன்ன சொல்லை உங்கள் பேத்திக்குத் திருத்துவது போலத் திருத்துங்கள். நீங்கள் கற்றுக்கொடுக்கும் அந்த ஒரு சொல், உங்களுக்குப் பின்னே அதே வரிசையில் நிற்கும் மற்றொரு குடியானவனின் உயிரைக் காக்கக்கூடும்.

சர்க்காருக்கும் கல்லூரி நிர்வாகிகளுக்கும் நாம் சொல்ல விரும்புவது இதுவே. ஊசிக்கும் கட்டிலுக்கும் எக்ஸ்-ரே யந்திரத்துக்கும் பணம் ஒதுக்குகிறீர்கள். நோயாளியின் பாஷையும் அவற்றைப் போன்ற ஒரு கருவியே. அது இல்லாதபோது மற்றக் கருவிகளெல்லாம் இருட்டில் வேலை செய்கின்றன. அடுத்த தொகுதிப் பயிற்சி மாணவர்கள் சிதம்பரம் ரயிலடியில் இறங்குமுன், அவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் நர்ஸம்மாவின் பெயர் டியூட்டிப் பட்டியலில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.